வால் பக்கம் ஒரு கிராம்

இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை உள்ள ரிமோட் விமானத்தை வரைபடத்தைப் பார்த்து வீட்டிலேயே கட்டலாம். ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் தராசை எடுங்கள். வரைபடம் வடிவத்தைத்தான் சொல்லும். எடையைத் தீர்மானிப்பது கட்டுபவரின் கை.

ஒற்றை இறக்கை விமானம் என்றால் 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கை என்றால் 60 அங்குலம். இதைத் தாண்டினால் 'ஜெயன்ட் ஸ்கேல்' என்பது வழக்கம். நிஜ விமானத்தில் சரியாகக் கால் பங்கு இருந்தாலும் அந்தக் கணக்கில் சேரும்.

புனேயில் ஒருவர் என்ன கட்டலாம் என்று கேட்டால், நான் எச்.டி.-2 என்றே சொல்வேன். எச்.ஏ.எல். நிறுவனத்துக்காக அதை வடிவமைத்த வி.எம். காட்கே மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்துக்காரர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் காற்றியக்கவியல் அறிஞர் பிராண்டலிடம் ஆய்வு செய்தவர். 1951-இல் முதலில் பறந்த இந்தப் பயிற்சி விமானத்துக்குச் சக்கரங்கள் மடங்காது, இறக்கை எளிமையானது. நிஜத்தில் அதன் இறக்கை 10.72 மீட்டர், பறக்கும் எடை சுமார் 1,016 கிலோ.

கால் பங்காக்கினால் இறக்கை 2.68 மீட்டர். பரப்பு பதினாறில் ஒரு பங்கு, எடையோ அறுபத்து நான்கில் ஒரு பங்கு, அதாவது 16 கிலோ. ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் தாங்கும் சுமை நாலில் ஒன்றாகிவிடுவதால் தரையிறங்கும் வேகம் நிஜத்தில் பாதிதான். 16 கிலோவை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு அதற்குக் கீழேயே நிற்கப் பாருங்கள்.

சிறிய மாடலின் வரைபடத்தைக் கடையில் பெரிதாக்கி அச்சடிப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். 60 அங்குலத்தை 80 ஆக்கினால் பரப்பு 1.78 மடங்கு கூடும். மரத்தின் தடிமனையும் அதே விகிதத்தில் கூட்டினால் எடை 2.37 மடங்கு ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு பாகத்தின் தடிமனையும் தனியாக யோசிக்க வேண்டும். அச்சடித்த தாளில் உள்ள அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

இறக்கையின் உயிர் அதன் ஸ்பாரில், அதாவது நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டத்தில் இருக்கிறது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஸ்ப்ரூஸ் சட்டங்கள். பறக்கும்போது மேல் சட்டம் அமுங்கும், கீழ்ச் சட்டம் இழுபடும். இரண்டும் எதிரெதிராக நழுவாமல் பிடித்து வைப்பது நடுவே ஒட்டும் பால்சா தகடு. அதன் நார் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாக ஒட்டினால் தகடு எளிதில் பிளந்துவிடும். இரண்டு சட்டங்களும் கெட்டியாக இருக்கின்றனவே என்று இந்தத் தகட்டை அலட்சியமாக ஒட்டக்கூடாது.

வாலுக்கு வருவோம். ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து 25 முதல் 30 சதவீதத்தில் இருப்பது வழக்கம். அங்கிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கின் தூரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆகவே வாலில் கூடும் ஒரு கிராமைச் சரிக்கட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் வேண்டும். பால்சா ஒரே அளவுத் தகடுகளிலேயே இரண்டு மடங்கு வரை எடை மாறும். கடையிலேயே நிறுத்துப் பார்த்து, லேசானதை வாலுக்கும் கனமானதை இறக்கை நடுவுக்கும் ஒதுக்குங்கள். எபாக்சியை வழியவிட்டு ஒட்டுவதும் இதே கணக்கில் சேரும்.

வால் துடுப்புகளின் கீல்களிலும் சர்வோ இணைப்புகளிலும் துளி ஆட்டமும் இருக்கக்கூடாது. வேகத்தில் அந்த ஆட்டம் படபடவென்று அதிர்வாகி, துடுப்பையே பிய்த்தெறிந்துவிடும்.

புனேக்கென்று சில விஷயங்கள். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டரில் இருப்பதால் காற்று ஐந்து சதவீதம் மெலிது. சென்னையில் சரிசெய்த பெட்ரோல் என்ஜினின் கார்புரேட்டரை இங்கே மறுபடி திருக வேண்டிவரும். மழைக்கால ஈரத்தில் பால்சா முறுக்கிக்கொள்ளும். மேல்தாள் ஒட்டும் வேலையை வறண்ட மாதங்களுக்கு ஒத்திப்போடுவது நல்லது.

எங்கே பறக்கவிடுவது என்பதையும் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ.க்குள் 60 மீட்டர் உயரம் வரையும், அதற்கப்பால் பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரையும் அனுமதி இல்லாமல் பறக்கலாம். லோஹேகாவ் விமானதளமும் கடக்வாஸ்லா ராணுவ அகாடமியும் இருக்கும் ஊரில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் திடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 25 கிலோவுக்கு உட்பட்ட பொழுதுபோக்கு மாடலுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் 2 கிலோவைத் தாண்டினால் ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு, எரிபொருள் இல்லாமல், ஈர்ப்பு மையப் புள்ளியில் விமானத்தை இரண்டு முட்டுகளின் மேல் தூக்கி வையுங்கள். வால் தாழ்ந்தால் உடனே மூக்கில் ஈயம் ஒட்டப் போகாதீர்கள். முதலில் பேட்டரியை என்ஜின் தடுப்புச் சுவர் வரை முன்னால் நகர்த்திப் பாருங்கள்.