காதுக்குள் ஓடும் மின்சாரம்

குறுக்குத்துறையில் முங்கிக் குளித்த மறுநாள் ஒரு காது 'கும்'மென்று அடைத்தால் நம்மூரில் யாரும் பதறுவதில்லை. "ஆத்துத் தண்ணி போயிருக்கும், சரியாயிரும்" என்பார்கள். பெரும்பாலும் தண்ணீரோ அழுக்கோதான். சிலருக்கு மட்டும், துளை சுத்தமாக இருக்கும். உட்காதின் மின்சாரம் படுத்திருக்கும்.

மின்சாரம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நத்தை ஓடாகச் சுருண்ட காக்லியாவுக்குள் ஒரு திரவம் எந்நேரமும் சுமார் 80 மில்லிவோல்ட் அழுத்தத்தில் நிற்கிறது. ஒலி வந்து மயிர்செல்களை அசைத்ததும் அவற்றுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். ரத்த ஓட்டம் நின்றால் சில நிமிடங்களிலேயே சரிந்துவிடும். 1930இல் அமெரிக்காவில் வீவர், பிரே என்ற இருவர் பூனையின் செவிநரம்பில் கம்பி வைத்து டெலிபோன் ரிசீவரோடு இணைத்தார்கள். பூனையின் காதருகே பேசியது வேறொரு அறையில் கேட்டது!

இந்த மின்சாரத்தை மனிதரிடம் அளப்பதுதான் எலக்ட்ரோகாக்லியோகிராபி. செவிப்பறையை மரக்கவைத்து, மெல்லிய ஊசியை அதன் வழியே விட்டு உட்காதின் எலும்புச் சுவரைத் தொடவைப்பார்கள். ஊசிக்குப் பயந்தவர்களுக்குச் செவிப்பறைமேல் மின்முனையை வைத்தும் எடுக்கலாம். அலை கொஞ்சம் சிறிதாக வரும். பிறகு 'டிக் டிக்' என்று நூற்றுக்கணக்கான சத்தம். எழுவது மைக்ரோவோல்ட் கணக்கு என்பதால் கணினி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். மயிர்செல்களின் அலை வேறு, நரம்பின் அலை வேறு. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் பழுது நரம்பிலோ, செல்லும் நரம்பும் சேருமிடத்திலோ இருக்கலாம். கிறுகிறுப்போடு வரும் மெனியர் நோய்க்கும் இதில் தடயம் கிடைக்கும்.

நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை பார்ப்பது 'பெரா'. தலையில் மின்முனைகளை ஒட்டினால் போதும். தூங்கும் கைக்குழந்தைக்கும் எடுக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளி தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காலத்தில் இந்த வசதி ஏது?

ஆனாலும் இவை பழுது எங்கே என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. திடீர்ச் செவித்திறன் இழப்பில் பெரும்பாலோருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை. கேட்பு அறவே போன காதில் அலையே வராமலும் போகும். அதனால் முதலில் எடுப்பது சாதாரண ஆடியோகிராம். ஸ்டீராய்டு சிகிச்சை இந்த மின்சோதனைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அது பலன் தர நல்ல வாய்ப்பு முதல் இரண்டு வாரங்களில்தான்.

காது அடைத்தால் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் கூடினால் பெரும்பாலும் அழுக்கு, தண்ணீர். நல்ல காதுப் பக்கம் போனால் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டாலும் போங்கள்.