தூண்டில் ஈயும் அதன் பெயரும்

அம்பிட்டியவுக்குத் தெற்கே, நுவரெலியா மலையோடைகளில் ஆங்கிலேயர் 1880களில் ட்றவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். அம்மீனைப் பிடிக்கும் 'உலர் ஈ' உண்மையில் ஈயன்று. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி அமைத்த, நீரில் மிதக்கும் போலிப்பூச்சியே அது. பாரசூட் வகை சிலவற்றில், முள்ளின் முதுகில் செயற்கை நுரைத்துண்டொன்று செங்குத்தாக நிறுத்தப்படும். சேவற்கழுத்திறகை முள்ளைச் சுற்றியன்றி, அத்துண்டின் அடியைச் சுற்றிக் கட்டுவர். இழைகள் கிடையாக விரிந்து நீர்ப்பரப்பிற் படியும். மூடிய குமிழ்களாலான நுரையாதலின் நீரை உறிஞ்சாது.

பெயரிடலே நம் சிந்தனைக்குரியது. புகழ்பெற்ற 'அடம்ஸ்' ஈயை 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனிற் கட்டியவர் லெனர்ட் ஹலடே. பெயரோ அதனைக் கொண்டு மீன்பிடித்த சார்ள்ஸ் அடம்ஸுடையது. நமது மலையகத் தோட்டங்கள் பலவற்றுக்கும் துரைமாரின் ஊர்ப்பெயர்களே ஏட்டிலேறின; தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயர்கள் பேச்சளவில் நின்றன.