ஆந்தை போட்டால் 'ம்', வாய் போட்டால் 'ர்'

பிழைப்புக்கு உதவாத படிப்பு என்று சொல்வார்கள். ஆனால் செத்துப்போன எழுத்துகளைப் பிழைக்க வைத்தவர்களில் பலர் அதைப் பொழுதுபோக்காகப் படித்தவர்கள்தான்.

ஒரு செவ்வகம், கீழ்ப்பக்கம் வாசலுக்கு ஒரு திறப்பு. பண்டைய எகிப்தியர் வீட்டை இப்படித்தான் வரைந்தார்கள். இந்தப் படத்துக்கு 'ப்-ர்' என்று ஒலி. கூட ஒரு சிறு கோடு போட்டால் 'வீடு' என்று பொருள். கோட்டை எடுத்துவிட்டு ஒரு வாயையும் நடக்கும் இரண்டு கால்களையும் வரைந்தால் 'வெளியே போ'. படம் அதேதான், வேலை மட்டும் வேறு.

ஹைரோகிளிஃப் எனப்படும் எகிப்தியப் பட எழுத்தின் சூட்சுமம் இதில் அடங்கிவிடுகிறது. சில படங்கள் ஒலியைக் குறிக்கும்: ஆந்தை 'ம்', வாய் 'ர்', நீரலை 'ன்'. சில படங்கள் பொருளையே குறிக்கும். இன்னும் சில, சொல்லின் கடைசியில் வாய் திறக்காமல் நின்றுகொண்டு 'இது இன்ன வகைச் சொல்' என்று கண்ணுக்கு மட்டும் காட்டிக் கொடுக்கும்.

இந்த ஊமைப் படங்கள் எதற்கு? எகிப்தியர் உயிரொலிகளை எழுதவில்லை. தமிழை அப்படி எழுதிப் பாருங்கள். 'க்-ல்' என்று எழுதினால் அது கல்லா, காலா, கோலா? பக்கத்தில் ஒரு பாறையையோ பாதத்தையோ கம்பையோ வரைந்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. நைல் நதிக்கரையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்த ஏற்பாடு ஓடியிருக்கிறது. உயிரொலி இல்லாததால் அன்றைய உச்சரிப்பு நமக்குச் சரியாகத் தெரியாது. படிக்க வசதியாக இன்றைய அறிஞர்கள் இடையில் ஒரு 'எ' சேர்த்துக்கொள்கிறார்கள். பூனைக்கு அவர்கள் வைத்த பெயர் மட்டும் யாருக்கும் மறக்காது: 'மியூ'.

கடைசி வாசகர் போன பிறகு

தேதி தெரிந்த கடைசி ஹைரோகிளிஃப் கல்வெட்டு, ஃபிலே தீவுக் கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று வெட்டப்பட்டது. கோயில்கள் மூடப்பட்டன, எழுதக் கற்றுக் கொடுத்த பூசாரிகள் மறைந்தார்கள். கல்லெல்லாம் அப்படியே இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. சுமார் 1,400 ஆண்டுகள் உலகம் அந்தப் படங்களை மந்திரம், மறைபொருள் என்று வியந்துகொண்டிருந்தது.

1799-இல் ரொசெட்டாவில் கிடைத்த கல்லில் ஒரே அரசாணை மூன்று எழுத்துகளில் இருந்தது. அவற்றில் கிரேக்கத்தைப் படிக்க முடிந்தது. முதலில் முன்னேறியவர் தாமஸ் யங் என்ற லண்டன் டாக்டர். முழுக் கதவையும் திறந்தவர் ஷம்போலியன். எகிப்தியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் எஞ்சியிருந்த காப்டிக் மொழியை அவர் சிறு வயதிலேயே கற்றிருந்தார். 1822 செப்டம்பரில் கண்டுபிடிப்பை அறிவித்தபோது வயது 31.

நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய இதேதான். அசோகரின் பிராமி எழுத்தை 1837-இல் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் தரம் பார்த்த அதிகாரி. தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளுக்கு வாழ்நாளைக் கொடுத்த ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சம்பளம் ஒரு வேலைக்கு, மனசு இன்னொரு வேலைக்கு.

இன்றைய ஆர்வலர்களுக்குப் பாதை எளிது. ஆலன் கார்டினர் 1927-இல் வெளியிட்ட இலக்கணம் இன்றும் கையில் எடுக்கப்படுகிறது. எழுநூறுக்கும் மேற்பட்ட படங்களை மனிதன், விலங்கு, பறவை, கட்டடம் என்று அவர் 26 பிரிவுகளாக அடுக்கிக் கொடுத்தார். அகராதி வரிசை இல்லாத எழுத்துக்கு அது பெரிய உபகாரம். ஒற்றை மெய்யொலி தரும் இருபத்து நான்கு படங்களில் ஆரம்பித்து, 'அரசன் அளிக்கும் படையல்' என்று தொடங்கும் ஈமச் சடங்கு வாசகத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அருங்காட்சியகங்களில் உள்ள எத்தனையோ கல்லறைக் கற்களில் முதல் வரி புரிந்துவிடும். பறவையும் மனிதனும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரும் கை கொடுக்கிறது. 2009-இல் யூனிகோடில் 1,071 எகிப்தியப் படங்கள் இடம் பிடித்தன. 2024-இல் மேலும் நாலாயிரம் அளவுக்குச் சேர்ந்தன. ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டு தமிழ் திண்டாடிய 1990-களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சாக்கடை தோண்டினால் சரித்திரம்

இந்தப் பைத்தியத்துக்கு எகிப்துதான் வேண்டுமென்பதில்லை. பெங்களூருவில் மெக்கானிக்கல் இன்ஜினியரான பி.எல். உதயகுமாரும் நண்பர்களும் சில ஆண்டுகளாக நகரின் கல்வெட்டுகளைத் தேடி அலைகிறார்கள். அவர்கள் கையில் உள்ள வழிகாட்டி, பி.எல். ரைஸ் தொகுத்து 1905-இல் வெளிவந்த 'எபிகிராஃபியா கர்நாடிகா'வின் பெங்களூர்த் தொகுதி. அதில் பதிவான ஊர்கள் இன்று லே-அவுட்களாகவும் மேம்பாலங்களாகவும் மாறிவிட்டன. கற்களில் சில வீட்டு அஸ்திவாரத்துக்குள்; சில எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை.

2018-இல் ஹெப்பாளில் தோண்டும் வேலை நடந்தபோது வெளிவந்த நடுகல், கி.பி. 750-ஐ ஒட்டியது. கிட்டய்யா என்ற வீரனின் சாவைச் சொல்லும் அது, நகரில் கிடைத்த மிகப் பழைய கன்னடக் கல்வெட்டு எனக் கருதப்படுகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் போய் நின்றதால் பிழைத்தது. மிதிக் சொசைட்டி 2021 முதல் இத்தகைய கற்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறது. தேய்ந்த எழுத்து கண்ணுக்கு மசிந்தாலும் கருவிக்குப் புலப்படுகிறது.

இதில் தமிழுக்கும் பங்கு உண்டு. ஜீவனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் ஹொய்சளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. டொம்லூரை 'தேசிமாணிக்கப்பட்டணம்' என்று அழைத்த கற்கள் அவை. அவற்றின் எதிரே நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைதான் கவலை தருகிறது. ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் பல வீடுகளில் தமிழ் பேச்சில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைக்குத் தாத்தா எழுதிய கடிதம் ஒரு பட எழுத்து. கன்னடம் கற்பது நல்லது, அவசியமும்கூட. ஆனால் எழுத்து அழிவது படையெடுப்பால் மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கும் ஒரு தலைமுறை சும்மா இருந்துவிட்டாலும் போதும். ஃபிலேயில் நடந்தது அதுதான்.

எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-காதிமில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் தமிழ்-பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்தது. உறியில் தொங்கிய பானை! கடல் கடந்து போன யாரோ ஒருவர் கீறியது. அதைத் தமிழ் என்று அடையாளம் காண, அந்த எழுத்தைக் கற்று வைத்திருந்த சிலர் இருந்தார்கள். வீட்டுப் பிள்ளைக்கு இன்று மாலை 'அ' எழுதிக் காட்டினால், நாளைக்கும் அப்படிச் சிலர் இருப்பார்கள்.