காரில் சிவப்பு விளக்கு எரியுதா? உடனே ஓரங்கட்டுங்க! பியூஸ் போனால் கம்பி சுத்தாதீங்க!

ஜோலார்பேட்டை,

ஜோலார்பேட்டை ரெயில் நிலையத்துக்கு சவாரி அடிக்கும் வாடகை கார்கள், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள், ஏலகிரிக்கு போகும் சுற்றுலா வண்டிகள் என்று திருப்பத்தூர் மாவட்டத்தில் வண்டியை நம்பி பிழைப்பவர்கள் ஏராளம். பலருக்கு அது கடன் வாங்கி எடுத்த வண்டி. மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும்.

அந்த வண்டியை, சில ரூபாய் விலையுள்ள ஒரு பியூஸ் காப்பாற்றும். அதில் அலட்சியம் காட்டினால் நடுரோட்டில் வண்டியே எரிந்து போகும்.

சிவப்பா? மஞ்சளா?

சாவியை திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்து விட வேண்டும். ஓடும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால், சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் அப்போதே கவனிக்க வேண்டும்.

ஆயில் கேன் படம்: என்ஜினுக்கு ஆயில் அழுத்தம் இல்லை. உடனே என்ஜினை நிறுத்துங்கள். 'பக்கத்துலதான் வீடு' என்று ஓட்டினால் என்ஜின் ஜாம் ஆகிவிடும்.

வெப்பமானி படம்: என்ஜின் கொதிக்கிறது. பொன்னேரியில் இருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறும் ஏலகிரி பாதையில், பழைய வண்டிகளுக்கு இது வரலாம். ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பிரேக் விளக்கு: முதலில் ஹேண்ட் பிரேக் முழுசா இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். வண்டியை எடுக்காதீர்கள்.

பேட்டரி படம்: டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அருகில் உள்ள கடைக்கு போகலாம். ஆனால் சில வண்டிகளில் டைனமோ பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்து என்ஜின் சூடும் ஏறினால் அங்கேயே நிறுத்தி விட வேண்டும்.

செல்ப் எடுக்கலையா?

'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்து விளக்கு மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கலாம். இல்லை, டெர்மினல் லூசாக, பச்சை பூத்துப்போய் இருக்கலாம். நல்ல பேட்டரி, வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் கோளாறு டைனமோ பக்கம். புது பேட்டரி வாங்கி பணத்தை வீணாக்க வேண்டாம்.

நிறத்தை பாருங்க

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் எரியவில்லை என்றால் முதலில் பல்பை பாருங்கள். ஹாரன், வைப்பர் திடீரென நின்றால் பியூஸை பாருங்கள். பியூஸ் பெட்டி ஸ்டீயரிங் அருகே ஒன்றும், பானெட்டுக்குள் ஒன்றும் இருக்கும். எது எதற்கு என்று மூடியிலோ, வண்டியோடு தந்த புத்தகத்திலோ போட்டிருக்கும்.

சாவியை அணைத்துவிட்டு பியூஸை பிடுங்கிப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் போய்விட்டது. அதே ஆம்பியர்தான் மாட்ட வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். புதுசும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எலி கடித்த வயராகவும் இருக்கலாம். ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

அவசரத்துக்கு கம்பி சுற்றுவதும், 10-க்கு பதில் 30 மாட்டுவதும்தான் ஆபத்து. பியூஸ் போகாது. பதிலுக்கு வயர் உருகி தீப்பிடிக்கும்.

எக்ஸ்ட்ரா விளக்கு, எக்ஸ்ட்ரா ஆபத்து

கம்பெனி ஹெட்லைட் பல்பு 60 வாட் என்றால் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரும் சுவிட்சும் அதே பழசுதான். கூடுதல் விளக்கு, ஹாரன் வேண்டுமென்றால் தனி ரிலே, தனி பியூஸ் போட்டு பேட்டரியில் இருந்து லைன் எடுக்க வேண்டும்.

2009-ல் விற்பனைக்கு வந்த டாடா நானோ கார்கள் சில தீப்பிடித்தன. வெளியில் பொருத்திய கூடுதல் மின்சாதனங்களையும் ஒரு காரணமாக நிறுவனம் சொன்னது. 2010 நவம்பரில், மின் இணைப்பில் கூடுதல் பியூஸ் உள்ளிட்ட பாதுகாப்பு வசதியை இலவசமாக செய்து தர முன்வந்தது.

புகை வந்தால்...

வயர் கருகும் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கி தூரமாக அழைத்துச் செல்லுங்கள். பானெட்டை அகலமாக திறக்காதீர்கள். காற்று பட்டால் தீ பரவும். சாமான் எடுக்க திரும்ப போகவே கூடாது. தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112, சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033 எண்ணையும் அழைக்கலாம்.