உழைப்பு அவருடையது, பெயர் யாருடையது?

நம் வீட்டில் மாடு யாருடையது என்று கேட்டால், “எங்களுடையது” என்று சொல்வோம். தீவனம் வைத்துப் பால் கறப்பது யார் என்று கேட்டால், வீட்டு அம்மாளைக் காட்டுவோம். பால் சங்கத்தில் உறுப்பினர் யார் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தயங்குவோம். அங்கே பெரும்பாலும் ஐயாவின் பெயர்தான் இருக்கும். நிலத்தின் பட்டா, மின் இணைப்பு, நெல் கொள்முதல் நிலையத்தில் கொடுக்கும் சிட்டா அடங்கல் எல்லாமே அப்படித்தான்.

இதனால் என்ன குறைந்துவிட்டது, பணம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்று கேட்கலாம். அந்த அம்மாள் வயல் வேலையோடு நிற்கும் வரை குறை தெரியாது. அவர் ஒரு சிறு தொழில் தொடங்க வேண்டும் என்று எண்ணும் நாளில்தான் அது தெரிய வரும்.

வாசலில் தொழிற்பேட்டை

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்குத் தொழிற்சாலை புதிதல்ல. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள் இருக்கின்றன. காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. பெண்கள் நடத்தும் தொழில்களுக்கென்றே திருமுல்லைவாயிலில் சிட்கோ ஒரு தனித் தொழிற்பேட்டை அமைத்திருக்கிறது.

இத்தனை ஆலைகளும் அவற்றில் வேலை செய்பவர்களும் நாள்தோறும் சாப்பிட வேண்டும். அரிசி, மாவு, எண்ணெய், ஊறுகாய், காய்கறி எல்லாம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆனால் சுற்றுவட்டக் கிராமத்துப் பெண் ஆலை வாசலுக்குப் போனால் கூலி வேலை கேட்டுத்தான் போகிறார். சரக்கு விற்கும் வியாபாரியாகப் போவது அபூர்வம்.

பெண்களுக்குத் தொழில் செய்யும் துணிவு இல்லை என்று சொல்ல முடியாது. 2013-14-இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பெண்கள் நடத்தும் தொழில் நிலையங்கள் சுமார் 80 லட்சம். இவற்றில் 13.5 சதவீதம் தமிழ்நாட்டில் இருந்தன. வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஆயினும் அந்த 80 லட்சத்தில் நூற்றுக்கு 79 நிலையங்கள் சொந்தப் பணத்தில் நடந்தவை. ஒரு நிலையத்தில் வேலை செய்தவர்கள் சராசரியாக இரண்டு பேர்கூட இல்லை. அதாவது, பெண்கள் தொழில் தொடங்குகிறார்கள். ஆனால் அது வளர்வதில்லை. வளராததற்குக் காரணம் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

புட்டு மாவுத் தொழில்

திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 9 இரகம் நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். அரிசி சிவப்பாக இருக்கும். இந்த நெல்லைப் பயிரிடும் ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். நெல்லாக விற்றால் வியாபாரி சொன்ன விலை. நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கும். அதைப் புட்டு மாவாக்கி, அரைக் கிலோ பையில் அடைத்து விற்றால் கூடுதல் வருமானம் உண்டு. வீட்டு அம்மாள் இதைச் செய்ய முன்வருகிறார். அரவை இயந்திரம், சலிப்பான், தராசு, பை ஒட்டும் கருவி ஆகியவை வேண்டும். இனி அவர் ஏறி இறங்க வேண்டிய படிகளைப் பாருங்கள்.

முதலில் இடமும் மின்சாரமும். கொட்டகை போடும் இடம் மாமனார் பெயரில் இருக்கிறது. எனவே புதிய மின் இணைப்பு கேட்டால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தை மாவு இயந்திரத்துக்கு இழுக்கக் கூடாது, அது குற்றமாகும். மாமனாருக்கு நான்கு மகன்கள் இருந்து, பாகப்பிரிவினையும் ஆகாமல் இருந்தால், அந்தக் கடிதம் ஒன்றுக்கே ஆறு மாதம் ஓடிவிடும்.

இரண்டாவது கடன். “நிலப் பத்திரம் கொண்டு வா”, “கணவரை அழைத்து வா” என்ற பேச்சு எழும். அவர் பெயரில் நிலம் எங்கே இருக்கிறது? 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் கையில் இருந்தவை 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பரப்பளவில் பார்த்தால் 12 சதவீதம்கூட இல்லை. களை எடுப்பதிலும் நாற்று நடுவதிலும் பெண்களின் பங்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்.

ஒரு விஷயம் இங்கே நினைவில் இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி கூறிவிட்டது. விவசாயக் கடனில் அடமானம் இல்லாத வரம்பு 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. எனவே அடமானம் கேட்டார்கள் என்று சொல்லி வீடு திரும்பிவிட வேண்டாம். திட்ட அறிக்கை, இயந்திர விலைப்பட்டியல், ஆதார், உத்யம் பதிவு ஆகியவற்றுடன் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக் கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். உத்யம் பதிவு இலவசம்; அதற்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

மூன்றாவது விற்பனை. ஆலைக் கேன்டீன் ஒப்பந்தக்காரர் மாவை வாங்கிக் கொள்வார். பணம் அடுத்த மாதம் என்பார். அடுத்த மாதமும் அதையே சொல்வார். பெரிய வியாபாரி பொறுத்துக் கொள்வார். கைப்பணத்தில் தொழில் செய்யும் பெண்ணால் இரண்டு தவணை நின்றாலே அடுத்த மூட்டை நெல்லை அரைக்க முடியாது. இதற்கும் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். ஆனால் பதிவும் பில்லும் தொழில் செய்பவர் பெயரில் இருந்தால்தான் இந்த உரிமை கிடைக்கும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு எங்கும் செல்லாது.

நான்காவது நேரம். இதை எந்தக் கணக்கெடுப்பும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் பால், சமையல், பிள்ளைகள், பிறகு வயல், மாலையில் தீவனம், மறுபடியும் சமையல். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால், அன்று மாட்டை யார் பார்ப்பது என்ற கேள்வியிலேயே பயணம் நின்றுவிடுகிறது.

பத்து ரூபாய்ப் பங்கில் எழுந்த வங்கி

இந்தத் தடைகள் நம் மாவட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. குஜராத்தில் ஆமதாபாத் நகரத்துக் கூலிப் பெண்களும் சிறு வியாபாரப் பெண்களும் வங்கி வாசலில் இதே அனுபவத்தைப் பெற்றார்கள். 1974-இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டு, சேவா என்ற தங்கள் சங்கத்தின் பெயரால் ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கிவிட்டார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனவே அடையாளத்துக்குப் புகைப்படத்தைப் பயன்படுத்தினார்கள்.

சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். காலையில் கடன் வாங்கிக் காய்கறி எடுத்து, மாலையில் வட்டியுடன் திருப்பிக் கொடுக்கும் கூடைக்காரப் பெண்களுக்கு நியாயமான கடன் கிடைக்கச் செய்வதே அதன் முதல் வேலையாக இருந்தது. வங்கிகளை மட்டும் நம்பிப் பயனில்லை என்று கண்டு, 1981-இல் அவர்களும் சொந்தக் கூட்டுறவுக் கடன் அமைப்பை ஏற்படுத்திக் கொண்டார்கள்.

பின்னர் 1989-இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தோன்றின. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. இன்று குழு இல்லாத கிராமம் இல்லை எனலாம். கறவை மாடு வாங்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் குழுக் கடன் கைகொடுக்கிறது. ஆனால் குழுக் கடனை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொண்டால், அதில் இயந்திரம் வாங்க முடியாது. அதற்குத் தனிநபர் தொழில் கடன் வேண்டும். குழுவில் ஒழுங்காகத் தவணை கட்டிய கணக்கே அந்தக் கடனுக்கு நல்ல சாட்சி. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சட்டம் தந்தது, வீடு தர வேண்டியது

சொத்துரிமையில் தமிழ்நாடு முன்னால் நின்ற மாநிலம். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் நிறைவேறியது. திருவள்ளூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன் மணமான மகள்கள் அதில் சேரவில்லை. 2005-இல் மத்திய அரசு செய்த திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கணவர் சம்பாதிக்க மனைவி வீட்டைக் கவனித்ததும் சொத்து சேர்வதற்குச் செய்த பங்களிப்பே என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பாகப் பத்திரம் எழுதும் நாளில் மகளிடம் விடுதலைக் கையெழுத்து வாங்கும் வழக்கம் மட்டும் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை.

நிலம் கையகப்படுத்தும்போது இதன் விளைவு நன்றாகத் தெரியும். இழப்பீடு பட்டாவில் உள்ள பெயருக்குத்தான் வரும். மேய்ச்சல் புறம்போக்குக்கு எவர் பெயரிலும் பட்டா கிடையாது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வளாகத்துக்கு இடம் எடுத்தபோது, மேய்ச்சல் நிலம் போகிறது என்று ஊர் மக்கள் எதிர்த்தார்கள். மேய்ச்சல் போனால் மாடு போகும். மாடு போனால் பெண்ணின் கைவருமானம் போகும். அந்த நட்டத்தை எழுதி வைக்க எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

பெயர் மட்டும் போதாது

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெண்களுக்குச் சலுகை என்றதும், மனைவி பெயரில் கடன் வாங்கித் தான் செலவழிக்கும் ஆண்களும் இருக்கிறார்கள். தவணை தவறினால் வசூல்காரர் வந்து நிற்பது அந்த அம்மாள் முன்னால்தான். கடன் வசூலில் நடக்கும் மிரட்டலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. எனவே பெயர், வங்கிக் கணக்கு, வரவு செலவு நோட்டு மூன்றும் ஒரே கையில் இருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் அவருடையதாக இருந்தால் அது தொழில் ஆகாது, சுமைதான்.

விவசாய நண்பர்கள் செய்யக் கூடியவை

பெரிய செலவு எதுவும் இல்லாமல் சில காரியங்களை இப்போதே செய்யலாம்.

பால் சங்கத்தில் கறப்பவர் பெயரில் உறுப்பினர் சேர்க்கை கேளுங்கள். பால் பணம் அவர் வங்கிக் கணக்குக்கு வரட்டும். ஓராண்டு வரவு பதிந்த கணக்குப் புத்தகம் கடன் கேட்கும்போது பேசும்.

நிலம் முழுவதையும் எழுதி வைக்க முடியாவிட்டாலும், கொட்டகைக்கு இரண்டு மூன்று சென்ட் இடத்தை மனைவி பெயரில் தான செட்டில்மெண்ட் செய்யலாம். குடும்பத்துக்குள் செய்யும் பத்திரத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. பத்திரத்தோடு நின்றுவிடாமல் பட்டா மாறுதலும் செய்து கொள்ள வேண்டும். அதுவும் முடியாவிட்டால் குத்தகை ஒப்பந்தமாவது எழுத்தில் இருக்கட்டும். புதிதாக நிலம் வாங்குபவர்கள் பெண் பெயரில் வாங்குவது நல்லது. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

மானியத் திட்டங்களின் பெயரும் அளவும் அவ்வப்போது மாறும். காக்களூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டு, அன்று நடப்பில் உள்ளதைத் தெரிந்து கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது தொழில் செய்யப் போகிறவரே பேசட்டும். நீங்கள் கூடப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பயிற்சி நாளில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் பிள்ளைக்குச் சோறு போடுவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

சிறு விவசாயிக்கு மழை ஒரு வருமானத்தைப் பொய்க்க வைத்தால், தாங்கிக் கொள்ள வீட்டில் இன்னொரு வருமானம் வேண்டும். அதைக் கொண்டு வரக் கூடியவர் வீட்டிலேயே இருக்கிறார். அடுத்த முறை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகும்போது, உங்கள் காகிதங்களில் எதிலாவது அவர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால், அன்றைய முதல் விண்ணப்பம் அதற்காக இருக்கட்டும்.