செலொப்பியாத்தின் மகள்மாரும் எங்கள் வளவும்

காணிப் படிவம் நிரப்பும் இடத்தில் நாம் அடிக்கடி காண்பது இது. "குடும்பத் தலைவர்" என்ற கட்டம் வந்ததும் மனைவியே கணவனின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், புருசன்தானே தலை, வேதத்திலேயே இருக்கிறதே என்பாள். எபேசியர் நிருபத்தை நாமும் வாசிக்கிறோம். அங்கே பவுல் கணவனிடம் கேட்பது தன்னையே கொடுக்கும் அன்பை. காணி யார் பெயரில் இருக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை.

எங்கள் ஊர் வழக்கமும் அப்படி இருந்ததில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு வளவு மகளுக்கே. மாப்பிள்ளைதான் அங்கு வந்து சேருவார். தாய் தகப்பன் அடுத்த மகளுக்காகப் பக்கத்தில் இன்னொரு வீடு கட்டுவார்கள். தாய்வழி உரிமையைக் காத்த முக்குவர் சட்டத்தை ஆங்கிலேயரின் 1876ஆம் ஆண்டுச் சட்டம் அகற்றியபோதும், சீதனம் என்ற பெயரில் வழக்கம் நிலைத்தது. (சீதனத்தால் அழிந்த குடும்பங்களும் உண்டு. அது வேறு கதை.)

சிக்கல் அரச காணியோடு வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பேர்மிட்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், வாழ்க்கைத் துணைக்குப் பின் மகன்மாருக்கே முதலிடம். மகள்மார் அதற்கும் பின்னால். 2004 சுனாமிக்குப் பின்னும் இதே கதை. அழிந்தது மனைவியின் சீதன வீடு. ஆனால் பல இடங்களில் புதிய வீடு கணவன் பெயரில் கிடைத்தது. 1990இலும் 2006, 2007இலும் இடம்பெயர்ந்தோர் பலர் கடதாசிகளையும் இழந்தார்கள். கணவனை இழந்த பெண்கள் வயலைக் கேட்டு அலுவலகத்துக்கு அலைந்தார்கள்.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரிசையில் மகன், மகள் என்ற பேதத்தை நீக்கியது. நல்லது. ஆனாலும் தந்தை உயிரோடு இருக்கும்போதே மகனை நியமித்துப் பதிந்துவிட்டால் மகளுக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. மனைவியையோ மகளையோ நியமிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதையும் அவர் இறப்பதற்கு முன் பதிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. வீட்டில் பேசவேண்டிய பேச்சு இதுதான்.

எண்ணாகமம் 27இல் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து சகோதரிகள் மோசேக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று தகப்பனின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். பின்பு, 36ஆம் அதிகாரத்தில், கோத்திரத்து ஆண்கள் வந்து முறையிட்டார்கள். சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணம் முடிக்கவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. பிரசங்கங்களில் இதை அதிகம் கேட்டதில்லை. யோசுவா 17இல் நிலம் பங்கிடும் நாளில் அதே பெண்கள் மறுபடியும் போய், முன்பு கிடைத்த கட்டளையை நினைவூட்டித்தான் பங்கைப் பெற்றார்கள்.

அடுத்த காணிக் கச்சேரிக்குப் போகும்போது மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டை, பழைய பேர்மிட் இலக்கம், சீதன உறுதி, எது மிஞ்சியிருக்கிறதோ அதையும் கொண்டு போங்கள். பேர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டைப் பார்க்கும்படி கேளுங்கள்.