தானாக நடந்து வந்தவர்

அமெரிக்கக் கலாசாலைகளில், கூடைப்பந்து ஆடும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வது உண்டு. படிப்பு, சாப்பாடு, ஜாகை எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சலுகை இல்லாமலே குழுவில் சேருகிறவனுக்கு 'வாக்-ஆன்' என்று பெயர். தானாக நடந்து வந்தவன் என்று அர்த்தம்! பயிற்சியில் சிந்தும் வியர்வை எல்லோருக்கும் ஒன்றுதான்; இவனுடைய கலாசாலைச் செலவு மட்டும் வீட்டார் தலையில்.

வீட்டில் வசதி இல்லாவிட்டால்?

ஆர்க்கன்ஸா ராஜ்யத்து ஸ்காட்டி பிப்பன் 12 குழந்தைகளில் கடைக்குட்டி. காகித ஆலையில் உழைத்த தகப்பனார் பக்கவாதம் கண்டு சக்கர நாற்காலியோடு இருந்தார். ஓர் அண்ணனுக்கும் அதே கதி. இருவரையும் கவனித்தவர் தாயார் எதெல். 1983-ல் மத்திய ஆர்க்கன்ஸா சர்வகலாசாலையில் சேர்ந்த பிப்பனுக்குக் கைகொடுத்தவை அரசாங்க உதவித் தொகையும், குழுவின் சாமான்களைப் பராமரிக்கும் வேலையும்தான். உயரம் 6 அடி 1 அங்குலம். கூடைப்பந்துக்கு அது குட்டை! படிப்பு முடிவதற்குள் 6 அடி 8 அங்குலம் வளர்ந்துவிட்டார். (கால்சட்டைக்கு அந்தத் தாயார் என்ன செய்தாரோ!) 1987-ல் தொழில்முறைக் குழுக்கள் ஆட்டக்காரர்களைப் பொறுக்கியபோது ஐந்தாவதாகத் தேர்வானார். சிகாகோ புல்ஸ் குழுவில் ஆடி ஆறு முறை சாம்பியன் பட்டம் பெற்றார்.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. வாக்-ஆன்களில் பெரும்பாலோருக்குப் பெஞ்சுதான் இடம். வெற்றி நிச்சயமான பிறகு, கடைசி ஓரிரு நிமிஷத்துக்குக் கூப்பிடுவார்கள். அப்போது பார்க்கவேண்டும், பெஞ்சில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் எழுந்து நின்று போடும் கூச்சலை!